ஐஸில் வைத்த மெழுகுக் கட்டி

அக்காவின் வலது குதிகாலில் இருந்த கறுப்பைக் கெளுத்தி முள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். கடலூர் முதுநகரில் மீனோடு பிழைக்கிறவர்களில் காலிலோ கையிலோ கெளுத்தி முள் வாங்காத ஆள் கிடையாது. முள் ஒடிந்து உள்ளே தங்கிவிட்டால் அந்த இடம் கறுத்து, மேலே தோல் தடித்து, மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். வெந்நீரில் கல்லுப்பைப் போட்டுக் காலை ஊறவைப்போம். என்றைக்காவது ஒரு நாள் முள் தானாக வெளியே வரும். அக்காவும் ஊறவைத்தாள். ஒரு வருஷத்துக்கு மேல் ஊறவைத்தாள். முள் வரவில்லை. உள்ளே முள்ளே இல்லை.

அக்கா மீன்காரி. காலை ஏலத்தில் மீன் எடுத்து, கூடையில் ஐஸோடு போட்டுக்கொண்டு பாசஞ்சர் ரயிலில் மேல்பட்டாம்பாக்கம் போவாள். தெருத்தெருவாக நடந்து விற்றுவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புவாள். செருப்புப் போட மாட்டாள். ஈரத்தில் வழுக்குகிறது என்பாள். நான் எட்டாம் வகுப்பில் பாதியில் நின்றவன். அன்றிலிருந்து துறைமுகத்து ஐஸ் கம்பெனியில் வேலை. அக்கா வீட்டுக்குப் பின்னால்தான் என் வீடு. அதனால் அந்தக் குதிகாலைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கவலைப்படுகிற புத்தி. பூட்டின கதவைத் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். கேஸை மூடினேனா என்று பாதி வழியில் சைக்கிளைத் திருப்புவேன். அந்தக் கறுப்பின் ஓரம் ஈரத் தாளில் பேனா மசி பரவுவதைப்போல ஒரு பக்கமாகக் கசிந்து போவதை நான்தான் முதலில் பார்த்தேன். டாக்டரிடம் காட்டலாம் என்று நான்தான் சொன்னேன், ஒரு தடவை இல்லை, பத்துத் தடவை. ஆனால் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவன் உண்மையாகவே பயப்பட வேண்டிய ஒன்றைச் சொன்னால் யார் கேட்பார்கள்? அக்கா வீட்டுக்காரர், எங்கள் மாமா, வலை பின்னிக்கொண்டே பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னார்: "எம் மச்சானுக்கு ஒரு தும்மல் வந்தா போதும். பாடைக்கு மூங்கில் வெட்டச் சொல்லி ஆள் அனுப்பிருவான்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அன்றைக்குச் சிரித்ததை இன்று நினைத்தாலும் எனக்கு எரிச்சலாக வருகிறது.

கறுப்பு வெடித்து நீர் வடிய ஆரம்பித்த பிறகுதான் கடலூரில் ஒரு டாக்டரிடம் போனோம். அவர் ஓரத்தில் ஒரு துண்டு எடுத்து லேபுக்கு அனுப்பினார். மெலனோமா என்று வந்தது. அந்தப் பேரை நான் ஏதோ மாத்திரைப் பேர் என்று நினைத்துக்கொண்டு மருந்துக்கடையில் காட்டினேன். கடைக்காரர் தாளை மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்து, இது மருந்து இல்லை, தோலுக்கு நிறம் கொடுக்கிற செல்லில் வருகிற கேன்சர், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார்.

சிதம்பரம் ஆஸ்பத்திரியில் குதிகாலைச் சுற்றிக் குடைந்து எடுத்தார்கள். தொடையிலிருந்து தோல் எடுத்து அங்கே வைத்துத் தைத்தார்கள். அது ஒட்டிப் பிடிக்க மூன்றரை மாதம் ஆனது. அந்த மூன்றரை மாதமும் அக்கா கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, யார் யார் தன் வாடிக்கைத் தெருவில் நுழைந்துவிட்டார்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். புண் ஆறி, ஆஸ்பத்திரியில் கொடுத்த மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்புப் போட்டு நடக்க ஆரம்பித்த சமயம் தொடை இடுக்கில் நெறி கட்டியது. மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். நெறியில் அதே நோய் இருந்தது. நுரையீரலிலும் இரண்டு சிறிய புள்ளிகள்.

இனி வெட்டி எடுப்பதால் தீராது, ஊசி மருந்து ஏற்ற வேண்டும் என்று அங்கே இருந்த டாக்டரம்மா சொன்னார். சின்ன வயதுதான் அவருக்கு. நான் கேட்கிற கேள்விகளுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொன்ன ஒரே ஆள். என் டோக்கன் சீட்டைத் திருப்பிப் போட்டுப் படம் வரைந்து காட்டினார். நான் புரிந்துகொண்ட மாதிரி இங்கே எழுதுகிறேன். தோல் என்பது வெறும் போர்வை இல்லை. அதில் செல்கள் செங்கல் மாதிரி ஒன்றோடொன்று கெட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தண்ணீர் உள்ளே புகாமல், அழுக்கு உள்ளே போகாமல் அதுதான் தடுக்கிறது. அப்படி ஒட்டிக்கொள்வதற்கான சாமான்களைச் செய்யச் சொல்லுகிற ஜீன்கள் சில இருக்கின்றன. சிலருடைய மெலனோமா கட்டியில் இந்தத் தடுப்பு ஜீன்கள் அளவுக்கு மீறி வேலை செய்கின்றனவாம். அப்படிப்பட்ட கட்டிக்குள் நோயை எதிர்க்கிற செல்கள் அதிகம் போவதில்லை. வா, இங்கே ஆபத்து என்று அவற்றைக் கூப்பிடுகிற சமிக்ஞையும் குறைவாக இருக்கிறது. சுவர் மறிப்பதால் போகவில்லையா, கூப்பிடாததால் போகவில்லையா என்று கேட்டேன். அதை இன்னும் ஆராய்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள் என்றார்.

எனக்கு அது உடனே புரிந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஐஸ் அடுக்குகிற அறைக்குள் நான் இருப்பது தெரியாமல் கதவை வெளியே சாத்திவிட்டார்கள். தொண்டை கிழியக் கத்தினேன். கதவுக்கு அந்தப் பக்கமே மூன்று பேர் பீடி குடித்துக்கொண்டு நின்றிருந்தார்களாம். யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. ஐஸ் எடுக்க ஒரு லோடு ஆட்டோ வந்ததால் பிழைத்தேன்.

டாக்டரம்மா கொடுக்க நினைத்த மருந்து, எதிர்ப்புச் செல்களின் பிரேக்கை எடுத்துவிடுகிற மருந்து. செல்கள் கட்டிக்குள் இருந்தால் அது நன்றாக வேலை செய்யும். வெளியே நின்றுகொண்டிருக்கிற செல்லுக்குப் பிரேக்கை எடுத்து என்ன பிரயோஜனம்? அதனால் அக்காவின் கட்டியைச் சென்னையில் ஒரு லேபுக்கு அனுப்பி, தடுப்பு ஜீன்கள் எப்படி இருக்கின்றன, எதிர்ப்புச் செல்கள் உள்ளே இருக்கின்றனவா என்று பார்க்கலாம் என்றார். தடுப்பு ஜாஸ்தியாக இருந்தால் சென்னையிலேயே ஒரு ஆராய்ச்சியில் இரண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கிறார்கள், அதற்கு எழுதுவேன். இல்லையென்றால் இங்கேயே ஒரு மருந்தோடு ஆரம்பித்துவிடலாம் என்றார். ஆக, அக்கா எந்த வழியில் போக வேண்டும் என்பது அந்தக் கட்டியைப் பார்ப்பதில் இருந்தது.

அக்கா வெறுங்காலோடு நடந்து நடந்து தோல் தடித்துப்போனதால்தான் சுவர் ஜாஸ்தியாகிவிட்டதா என்று கேட்டேன். டாக்டரம்மா இல்லை என்றார். காய்ப்பு வேறு, இது வேறு என்றார். நான் நம்பவில்லை. பஸ்ஸில் வரும்போதும் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு, "நீ படிச்சிருந்தா இன்னும் ஜாஸ்தி கவலப்பட்டிருப்ப. நல்ல வேள, எட்டாவதோட நின்ன" என்றாள்.

சிதம்பரத்தில் எடுத்த கட்டியில் அந்த லேபுக்குத் தேவையான அளவு மிச்சம் இல்லை. கடலூரில் முதலில் எடுத்த துண்டு இருக்கிறதா என்று விசாரித்தார்கள். இருந்தது. அதை மெழுகில் புதைத்து, சின்ன பிளாஸ்டிக் சட்டத்தில் வைத்திருந்தார்கள். பிளாக் என்பார்கள். தீப்பெட்டியில் பாதி இருக்கும். அந்த வியாழக்கிழமை சிதம்பரத்திலிருந்து சென்னைக்குப் போகிற மற்ற மாதிரிகளோடு இதையும் சேர்த்துவிடலாம், நீங்களே வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள் என்றார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. முதல் தடவையாக என்னால் ஆகிற ஒரு காரியம்.

கடலூர் லேபில் இருந்தவர் பிளாக்கை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, விவரம் எழுதின தாளைச் சுற்றி, ஸ்டேப்ளர் பின் அடித்துக் கொடுத்தார். பத்திரம், வெயிலில் வைக்காதீர்கள் என்றார். அவ்வளவுதான் சொன்னார். வெயிலில் வைக்காதே என்றால் நிழலில் வைத்துக்கொள் என்று அர்த்தம். வேறு யாராக இருந்தாலும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போயிருப்பான். நான் ஐஸ் கம்பெனிக்காரன்.

அக்கினி நட்சத்திர வெயில். உள்ளே இருப்பது மெழுகு. மெழுகுக்குள் இருப்பது அக்காவின் சதை. சதை என்றால் அழுகும், மெழுகு என்றால் உருகும். பஸ் நடுவில் நின்றுவிட்டால்? ரோடு வேலையில் மாட்டிக்கொண்டால்? எங்கள் ஊரில் சதை என்று ஒன்று ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போனால் அது ஐஸில்தான் போகும். வேறு வழி எங்களுக்குத் தெரியாது. தெர்மாகோல் பெட்டி ஒன்றைக் கழுவித் துடைத்தேன். ஐஸ் பாரை நன்றாகப் பொடித்து அடியில் போட்டு, நடுவில் கவரை வைத்து, மேலேயும் போட்டு மூடி, சுற்றிலும் டேப் ஒட்டினேன். மாமா வந்து பார்த்தார். என்னை ஒருநாளும் பாராட்டாத மனுஷன், எறால் எக்ஸ்போர்ட்டுக்குப் போகுற மாதிரி கட்டியிருக்கிறாய் மச்சான் என்று தோளில் தட்டினார்.

சிதம்பரம் பஸ் புதுச்சத்திரத்தில் அரை மணி நேரம் நின்றது. பாலம் வேலை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடியில் ஈரம் கசிந்து வேட்டி நனைந்தது. பக்கத்தில் இருந்தவர் என்ன மீன் என்று கேட்டார். நான் செய்தது எவ்வளவு சரி என்று பஸ் நின்ற ஒவ்வொரு நிமிஷமும் நினைத்துக்கொண்டேன். ஐஸ் வைக்காமல் வந்திருந்தால் இந்நேரம் உருகியிருக்கும்.

ஆஸ்பத்திரி லேப் ஜன்னலுக்கு வெளியே பெட்டியைத் திறந்தேன். பாதி தண்ணீர். பின் அடித்த ஓட்டை வழியாகத் தண்ணீர் கவருக்குள் போயிருந்தது. தாள் கூழாகிக் கையோடு வந்தது. பரவாயில்லை, பிளாக் நன்றாகத்தானே இருக்கிறது என்று அதை எடுத்தேன். நீலமாக அழுக்குப் படிந்த மாதிரி இருந்தது. சுத்தமாகக் கொடுப்போமே என்று துண்டால் அழுத்தித் துடைத்தேன். அந்த நீலம்தான் பேனாவால் எழுதின எண்.

ஜன்னலுக்குள் இருந்த பெண் பிளாக்கை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"அண்ணே, நம்பர் எங்க?"

"இதுல இருந்துச்சும்மா. தண்ணி பட்டு... எங்க அக்காவோடதுதான். நான் கையோட கொண்டாறேன்."

"நீங்க சொல்றது எனக்குப் புரியுதுண்ணே. ஆனா இது யாரோடதுன்னு இதுல ஒண்ணுமே இல்லியே. நா எப்படி இதுக்கு உங்க அக்கா பேர எழுதுறது?"

மெழுகு ஏன் ஐஸில் வந்தது என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை. உள்ளே யாரோ வந்து பார்த்தார்கள், பெட்டியைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். மெழுகில் வைத்துவிட்டால் அது வருஷக்கணக்கில் அலமாரியில் கெடாமல் இருக்கும், கோடையிலும் சாதாரணமாக உருகாது என்று ஒருவர் பொறுமையாக விளக்கினார். எனக்கு அந்த விளக்கத்தைக் கேட்கப் பிடிக்கவில்லை. அதை முந்தின நாள் யாராவது சொல்லியிருக்க வேண்டும். அல்லது நான் கேட்டிருக்க வேண்டும். நூறு வேண்டாத கேள்வி கேட்கிறவன், இந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. ஏனென்றால் இதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஐஸைப் பற்றி எனக்குத் தெரியாததா என்று இருந்துவிட்டேன்.

அடுத்த பஸ்ஸிலேயே கடலூருக்குத் திரும்பி ஓடினேன். லேப் பூட்டியிருந்தது. மறுநாள் போனேன். ரிஜிஸ்டரில் எண் இருந்தது. ஆனால் இந்த மெழுகுக் கட்டி அந்த எண்தான் என்று சத்தியம் செய்து எழுதித்தர முடியாது என்றார்கள். அது நியாயம்தான். வேறொருவர் கட்டியைப் பார்த்துவிட்டு அக்காவுக்கு மருந்து கொடுத்தால் என்ன ஆவது? வேறு மிச்சம் இருக்கிறதா என்று கேட்டேன். நோய் இருந்த பாகம் அந்த ஒரு பிளாக்கில்தான் இருந்தது. வியாழக்கிழமை வண்டியும் போய்விட்டது.

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. நெறியில் ஊசி போட்டுப் புதிதாகக் கொஞ்சம் எடுத்து அனுப்பலாம், சின்ன வேலைதான் என்றார். அக்கா கேட்டாளே தவிர ஒத்துக்கொள்ளவில்லை.

"குதிகால்ல வெட்டுனீங்க. தொடைல உரிச்சீங்க. எல்லாம் சின்ன வேலன்னுதான் சொன்னீங்க. இனிமே எதையும் எடுக்க வேணாம். ஏத்துறத ஏத்துங்க."

"எந்த மருந்து ஒத்து வரும்னு தெரிஞ்சிட்டு ஏத்துனா நல்லதும்மா."

"தெரிஞ்சிக்கிறதுக்குன்னு குடுத்தனுப்புனீங்களே. அது எங்க போச்சுன்னு எந் தம்பியக் கேளுங்க."

அதற்குப் பிறகு டாக்டரம்மாவும் வற்புறுத்தவில்லை. அங்கேயே ஒரு மருந்தோடு ஆரம்பித்தார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை. காலையில் போய் ரத்தம் கொடுத்து, ரிசல்ட் வரும்வரை காத்திருந்து, மத்தியானம் மருந்து ஏற்றிக்கொண்டு, சாயங்காலம் பஸ் பிடிப்போம். ஒவ்வொரு தடவையும் மருந்து சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு, இது உள்ளே போகிறதா இல்லை சுவருக்கு வெளியே நிற்கிறதா என்று யோசிப்பேன். பார்த்துத் தெரிந்துகொள்ள ஒரு வழியும் இல்லை. அக்காவுக்குக் கை கால் அரித்தது. உடம்பு அசதி. அரித்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தமா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். இருக்கலாம், சொல்ல முடியாது என்றார். அரிக்காமல் இருந்தால்? அதற்கும் சொல்ல முடியாது. படித்தவர்கள் எல்லாவற்றுக்கும் வைத்திருக்கிற பதில் இதுதானா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆமாம் என்று சொன்னால் சந்தோஷப்படுவேன், இல்லை என்றால் அழுதுவிட்டு எழுந்து வருவேன். சொல்ல முடியாது என்பதை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் என்ன செய்வான்?

அக்கா மறுபடி வியாபாரத்துக்குப் போனாள். நடக்க முடியாததால் மேல்பட்டாம்பாக்கம் கடைத்தெரு முனையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து விற்றாள். வாங்குகிறவர்கள் காலுக்கு என்ன என்று கேட்டால் முள் குத்திவிட்டது என்று சொல்லிவிடுவாள். நான் ஒருநாள் கூட இருந்தபோது, ஏன் அப்படிச் சொல்கிறாய் என்றேன். ஜீனு, சுவரு, செல்லுன்னு சொன்னா மீன் அழுகிப்போயிரும் என்றாள்.

நாலு மாதம் கழித்து ஸ்கேன். நுரையீரலில் ஒரு புள்ளி சுருங்கியிருந்தது. இன்னொன்று அப்படியே. நெறி மட்டும் வளர்ந்திருந்தது. டாக்டரம்மா இந்தத் தடவை அக்காவிடம் கேட்கவில்லை, சொன்னார். நெறியில் எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும் என்றார். அக்கா, எடுத்தால் ஆஸ்பத்திரியே அனுப்பிக்கொள்ளுமா என்று மட்டும் கேட்டாள். அனுப்பிக்கொள்வோம் என்றதும் படுத்தாள்.

மூன்று வாரம் கழித்து ரிப்போர்ட் வந்தது. மாமா வரவில்லை, அக்காவும் நானும்தான் போனோம். டாக்டரம்மா தாளைப் படித்துவிட்டு, சுற்றி வளைக்காமல் சொன்னார். நெறியில் தடுப்பு ஜீன்கள் ஜாஸ்தியாக வேலை செய்கின்றன. எதிர்ப்புச் செல்கள் கட்டியின் ஓரத்தில் நிற்கின்றன, உள்ளே இல்லை. கூப்பிடுகிற சமிக்ஞையும் குறைவு. சென்னைக்கு எழுதுகிறேன் என்றார்.

நான் கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன். "அன்னைக்கே அந்த பிளாக்கு சென்னைக்குப் போயிருந்தா, இது அன்னைக்கே தெரிஞ்சிருக்குமா டாக்டரம்மா?"

சொல்ல முடியாது என்று சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். அந்த ஒரு தடவை அந்தப் பதில் எனக்கு வேண்டியிருந்தது. குதிகாலில் இருந்தது வேறு, நெறியில் இருப்பது வேறு, இரண்டும் ஒன்றாகத்தான் இருந்திருக்கும் என்பதில்லை என்று ஆரம்பித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து, தெரிந்திருக்க வாய்ப்பு உண்டு, தெரிந்திருந்தால் அப்போதே சென்னைக்கு அனுப்பியிருப்பேன் என்றார்.

துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"நாலு மாசம் போச்சு. போனதுதான். நீ ஒக்காந்து அழுதா அது திரும்பி வருமா? எழுந்து போய் லெட்டர வாங்கு."

அக்காவுக்கு என்மேல் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். பத்து நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. என் மனைவி குழம்பு கொடுத்தனுப்பினால் வாங்கிக்கொண்டாள், பாத்திரத்தைக் கழுவி மாமாவிடம் கொடுத்துவிட்டாள். வெள்ளி, சனியில் கவிச்சி வாங்குகிற ஜனம் குறைவு, சென்னையில் மருந்து ஏற்ற அந்த நாளாகப் பார்த்துக் கேட்டுச் சொல் என்று பத்தாம் நாள் மாமா மூலமாகச் சொல்லி அனுப்பினாள். கேட்டேன். ஆராய்ச்சியில் சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் நாள் புதன்கிழமைதான் என்றார்கள். புதன்கிழமை நல்ல விற்பனை நாள். அதற்கும் என்னைத்தான் திட்டினாள். திட்டுவதற்காகவாவது நேரில் வந்து பேசினாள்.

முதல் புதன்கிழமை ரயிலில் உட்கார்ந்ததும், தன் முனையில் இன்றைக்கு யார் ஸ்டூல் போட்டிருப்பார்கள் என்று ஆரம்பித்தாள். விழுப்புரம் தாண்டியும் அதுதான். இந்த மருந்தாவது உள்ளே போகுமா என்று என் வாய் வரைக்கும் வந்தது. அதைக் கேட்டால் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விடுவாள் என்று எனக்குத் தெரியும். சென்னை வரும்வரை மேல்பட்டாம்பாக்கத்து மீன்காரிகளைப் பற்றியே பேசிக்கொண்டு போனோம்.